கரைந்து குணமாக்கும் கண்ணாடி: திருப்பூர் ஜவுளி மண்டலத்தில் அயனிகளின் வரலாறு

உயிரியக்கக் கண்ணாடி என்பது உடலின் ஈரத்தில் மெல்லக் கரையும் கண்ணாடி. சன்னல் கண்ணாடியின் பெருமை தண்ணீரில் கரையாமல் இருப்பது. இதற்கோ கரைவதுதான் வேலை. கரையும்போது இதிலிருந்து சோடியம், கால்சியம், பாஸ்பேட், கரைந்த சிலிக்கா ஆகியவை வெளியேறுகின்றன. உருவாக்கும்போதே சேர்த்துவிட்டால் ஸ்ட்ரான்சியம், தாமிரம், துத்தநாகம், வெள்ளி போன்றவற்றின் அயனிகளும் வெளியேறும். எலும்பு செல்லைத் தூண்டுவது, புதிய ரத்த நாளங்களை வளர்ப்பது, கிருமியை ஒடுக்குவது என்று இவற்றுக்குத் தனித்தனி வேலைகள் உண்டு. இந்தக் கண்ணாடியை நானோ துகளாக்கினால், அது செல்லுக்குள்ளேயே நுழைந்து அங்கு அயனிகளை விடும். மருந்தை உடல் முழுவதும் பரப்பாமல், வேண்டிய இடத்தில் மட்டும் சேர்க்கும் வழியாக இதை ஆய்வாளர்கள் வளர்த்து வருகிறார்கள்.

இந்தக் கண்ணாடி பிறந்த இடம் திருப்பூர் அல்ல. ஆனால் இதன் அடிப்படைக் கேள்வி அந்த மண்டலத்துக்குப் பழக்கமானது: நனைந்த பொருளிலிருந்து எந்த அயனி, எவ்வளவு, என்ன வேகத்தில் வெளியேறுகிறது? சாயப்பட்டறை உப்பால் நொய்யல் ஆறு கெட்டது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விளைவு. ஏற்றுமதித் துணியைச் சோதிக்கும் கூடங்கள் அதை நாள்தோறும் கேட்கின்றன. மருத்துவத் துணியை ஆராயும் கோவை நிறுவனங்களும் இப்போது அதையே கேட்கின்றன. பனியன் ஊரான திருப்பூரின் வரலாற்றையும் உயிரியக்கக் கண்ணாடியின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பதற்கு இதுவே காரணம்.

உறிஞ்சும் துணி

காயத்துக்குத் துணி கட்டுவது பழைய வழக்கம் என்றாலும், அதற்கென்றே பதப்படுத்திய பருத்தி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பருத்தி இழையின் மேல் இயல்பாகவே மெழுகுப் படலம் உண்டு. பறித்த பஞ்சு தண்ணீரில் மிதப்பது அதனால்தான். காரக் கரைசலில் வேகவைத்து மெழுகை நீக்கி வெளுத்தால், அதே பஞ்சு நீரை உடனே உறிஞ்சும். ஜோசப் லிஸ்டர் 1867-ல் கிருமி எதிர்ப்பு அறுவை முறையை வெளியிட்டபின், காயக்கட்டுத் துணி மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. பர்மிங்காம் அறுவை மருத்துவர் ஜோசப் சாம்ப்சன் காம்ஜி 1880-ல் இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே உறிஞ்சுபஞ்சை வைத்துக் கட்டு ஒன்றை அமைத்தார். அந்த அமைப்பு இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் தெற்கே ராஜபாளையத்தில் வேர்விட்டது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1939-ல் தொடங்கிய ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்கிறது. அதையடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணியையும் காஸ் துணியையும் நெய்து நாடெங்கும் அனுப்பின. இந்தத் துணிக்கு மருந்துச் சட்டத்தின் கீழ் தரக்கட்டுப்பாடு உண்டு. உறிஞ்சுபஞ்சை நீரின் மேல் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்துநூல் வைத்திருக்கும் சோதனை. துணி எதை உள்ளே வாங்குகிறது என்பதை அளக்கும் சோதனை அது. துணியிலிருந்து எது வெளியே வருகிறது என்ற கேள்விக்கு அன்று பெரிய இடமில்லை.

அதே காலத்தில் திருப்பூரில் பின்னலாடை தொடங்கியிருந்தது. பஞ்சுச் சந்தையாகவும் கதர் மையமாகவும் இருந்த ஊரில், எம்.ஜி. குலாம் காதர் 1925-ல் பேபி நிட்டிங் என்ற முதல் பனியன் கம்பெனியை நிறுவியதாகத் தொழில் வரலாறு பதிந்திருக்கிறது. அடுத்த அரை நூற்றாண்டு அங்கே உருவானது பெரும்பாலும் வெள்ளைப் பனியன். வியர்வையை உறிஞ்சுவதுதான் பனியனின் பயன் என்பதால், மெழுகை நீக்கி வெளுக்கும் வேலை இங்கும் மையமானது. ஊரைச் சுற்றிச் சலவைப்பட்டறைகள் பெருகின. காயக்கட்டுக்கும் பனியனுக்கும் வேதியியல் ஒன்றுதான்: காரம், வெளுப்பு, நிறையத் தண்ணீர்.

உப்பும் நொய்யலும்

வெள்ளைப் பனியன் வண்ண ஆடையானபோது அயனிகளின் கதை தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பிய வாங்குநர்கள் திருப்பூருக்கு வரத் தொடங்கினர். 1980களில் ஏற்றுமதி வேகமெடுத்தது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. டீ ஷர்ட்டுக்குப் பளிச்சென்ற, துவைத்தாலும் போகாத நிறம் வேண்டும். அதைத் தந்தவை ரியாக்டிவ் சாயங்கள். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த இந்தச் சாயவகை 1956-ல் சந்தைக்கு வந்தது. பருத்தியின் செல்லுலோஸோடு இது நேரடி வேதிப் பிணைப்பு கொள்கிறது.

அந்தப் பிணைப்புக்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. தண்ணீரில் நனைந்த பருத்தி எதிர்மின் தன்மை கொள்கிறது, சாயமும் எதிர்மின் தன்மை உடையது, ஒன்றையொன்று விலக்கும். சாயக் குளியலில் உப்பு அல்லது சோடியம் சல்பேட்டைக் கொட்டினால், சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துச் சாயத்தைத் துணிக்குத் தள்ளும். அழுத்தமான நிறத்துக்கு ஒரு லிட்டர் குளியலுக்கு 60 கிராமுக்கும் மேல் உப்பு வேண்டியிருக்கும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் குளியல் என்று கொண்டால், கிலோவுக்குச் சுமார் அரைக் கிலோ உப்பு. அந்த உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் மொத்தமும் கழிவுநீரோடு போய்விடும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் நொய்யல் அந்த உப்பைச் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கரையோர வயல்களில் நடந்தது ஓர் அயனிப் பரிமாற்றம். களிமண் துகள்களின் மேல் கால்சியம் அயனிகள் ஒட்டியிருந்தால் மண் பொலபொலப்பாக இருக்கும். சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாய்ந்தால், சோடியம் வந்து கால்சியத்தை வெளியேற்றிவிடும். அப்போது மண் இறுகும், நீர் இறங்காது, வேர் மூச்சுவிட முடியாது. வேளாண்துறை இதற்குச் சொல்லும் மருந்து ஜிப்சம். ஜிப்சத்தில் இருப்பது கால்சியம். இழந்த அயனியை மண்ணுக்குத் திருப்பித் தருவதே அந்தச் சிகிச்சை.

நொய்யல் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் கழிவுநீர் துளியும் ஆற்றில் கலக்கக் கூடாது என்ற நிபந்தனையை வலியுறுத்தியது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு வந்ததுதான் இன்றைய முறை: பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவலால் நீரைப் பிரித்து, மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கி அல்லது மீண்டும் சாயக் குளியலுக்கே பயன்படுத்தி, நீரையும் உப்பையும் சுழற்சியில் வைப்பது. பெரும் இழப்புக்குப் பின் கற்ற பாடம் இது. ஒரு தொழில் தன் தண்ணீருக்குள் விடும் ஒவ்வோர் அயனிக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்பதை இந்தியாவில் இவ்வளவு கடுமையாகக் கற்ற ஜவுளி ஊர் வேறில்லை என்றே சொல்லலாம்.

வியர்வைக் கரைசல்

ஆற்றில் கலக்கும் அயனி ஒருபுறம். உடுத்துபவரின் தோலுக்குப் போகும் அயனி மறுபுறம். ஐரோப்பாவில் 1992-ல் ஓகோ டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற சான்று அறிமுகமானது. 1994-ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்தது. இந்தியாவும் 1997-ல் தடை கொண்டுவந்தது. இவற்றோடு திருப்பூரில் சோதனைக்கூடங்களின் காலம் தொடங்கியது. சாயத்தின் பெயரைக் கேட்டறிவதோடு ஏற்றுமதியாளரின் பொறுப்பு முடியவில்லை. துணியிலிருந்து எது கழன்று வருகிறது என்பதற்கு ஆய்வறிக்கை தேவைப்பட்டது.

அந்தச் சோதனையின் செய்முறை கவனிக்கத்தக்கது. உப்பு, பாஸ்பேட், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆகியவை கலந்த செயற்கை வியர்வையில் துணியை ஊறவைத்து, கரைசலில் இறங்கிய உலோகங்களை அளக்கிறார்கள். சில நீல, பச்சை நிறச் சாயங்களில் தாமிரமும், உலோகக் கூட்டுச் சாயங்களில் கோபால்ட்டும் குரோமியமும் இருக்கக்கூடும். ஓகோ டெக்ஸ் வரம்புப்படி, குழந்தைகள் ஆடையில் இப்படிக் கழன்று வரும் தாமிரம் ஒரு கிலோ துணிக்கு 25 மில்லிகிராமுக்கும், கோபால்ட் 1 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. பெரியவர்கள் ஆடைக்கு இவை முறையே 50, 4 மில்லிகிராம்.

இதே தாமிரத்தையும் கோபால்ட்டையும்தான் உயிரியக்கக் கண்ணாடி ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கண்ணாடியில் சேர்க்கிறார்கள். இரண்டும் செல்களுக்கு ஆக்சிஜன் குறைந்த நிலையை உணர்த்தி, புதிய ரத்த நாளங்கள் வளரத் தூண்டுகின்றன. ஆடையில் மாசாக எண்ணப்படும் அயனி ஆறாத புண்ணில் மருந்தாகலாம். தோலின் மேல் நாள் முழுக்கப் பரவினால் கேடு. காயத்தின் அடியில் சில நாட்கள், தேவையான அளவில் கிடைத்தால் பயன். அளவும் இடமும் வேகமும் தெரியாமல் ஓர் அயனியை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லிவிட முடியாது.

புண்ணுக்குக் கால்சியம்

அயனியைத் தரும் துணி முதலில் கடற்பாசியிலிருந்து வந்தது. 1962-ல் ஜார்ஜ் விண்டர், பன்றியின் தோலில் செய்த ஆய்வில், காயவிட்ட புண்ணைவிட ஈரமாக மூடிவைத்த புண் விரைவாக மூடுவதைக் காட்டினார். உறிஞ்சி உலர்த்துவதுதான் கட்டுத்துணியின் கடமை என்ற எண்ணம் அதோடு மாறியது. ஈரத்தைப் பேணும் பொருள்களைத் தேடியபோது கால்சியம் ஆல்ஜினேட் இழை முன்னுக்கு வந்தது. 1980களில் அது பிரிட்டனில் காயக்கட்டாக விற்பனைக்கு வந்தது.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான பொருள் அல்ல. மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் சுற்றுவட்டாரத்தில், சர்காசம், டர்பினேரியா என்ற பாசிகளை மீனவப் பெண்கள் பல பத்தாண்டுகளாகச் சேகரித்து வருகிறார்கள். ஆல்ஜினேட் பிரிக்கும் ஆலைகளுக்கு அது மூலப்பொருளாகிறது. சாயக் கரைசலை அச்சுக்கு ஏற்றபடி கெட்டியாக்க, ரியாக்டிவ் சாய அச்சுப் பட்டறைகளும் சோடியம் ஆல்ஜினேட்டைப் பயன்படுத்துகின்றன. அச்சுத் துணிக்குப் பசையாகும் பொருள்தான் கால்சியத்தோடு சேர்ந்து காயக்கட்டு இழையாகிறது.

கால்சியம் ஆல்ஜினேட் இழை புண்ணின் நீரில் படும்போது, அந்த நீரிலுள்ள சோடியம் இழைக்குள் புகுந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. இழை கூழாகி ஈரத்தைக் காக்கிறது. வெளிவந்த கால்சியம் ரத்தம் உறைய உதவுகிறது. நொய்யல் கரை மண்ணில் நடந்ததும் இதே பரிமாற்றம்தான். சோடியம் வந்து கால்சியத்தை வெளியேற்றியதால் அங்கே நிலம் கெட்டது, இங்கே புண் ஆறுகிறது.

பயணத்தில் ஒரு கேள்வி

உயிரியக்கக் கண்ணாடியின் வரலாறு 1967-ல் தொடங்குகிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் பீங்கான் பொறியியலாளர் லாரி ஹென்ச், ராணுவப் பொருளறிவியல் மாநாடு ஒன்றுக்குச் செல்லும் வழியில், வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ஒரு கர்னலோடு பேசினார். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்காமல் தள்ளுவதால் வீரர்கள் கை கால்களை இழக்கிறார்கள், உடல் ஏற்கும் பொருளைச் செய்ய முடியாதா என்று கர்னல் கேட்டார். எலும்பில் இருப்பவை கால்சியமும் பாஸ்பேட்டும் என்பதால், அவற்றைக் கொண்ட கண்ணாடியை உடல் தள்ளாது என்று ஹென்ச் எண்ணினார்.

அமெரிக்க ராணுவத்தின் நிதியோடு 1969-ல் பணி தொடங்கியது. எடையில் 45 சதம் சிலிக்கா, 24.5 சதம் சோடியம் ஆக்சைடு, 24.5 சதம் கால்சியம் ஆக்சைடு, 6 சதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு. 45எஸ்5 என்று பெயர்பெற்ற கலவை இதுதான். எலும்பு மருத்துவர் டெட் கிரீன்லீ இதை எலிகளின் தொடையெலும்பில் பதித்தார். ஆறு வாரம் கழித்து அதைப் பிடுங்க முயன்றபோது வரவில்லை. கண்ணாடி எலும்போடு ஒட்டியிருந்தது. அந்த முடிவுகள் 1971-ல் ஆய்விதழில் வெளியாயின. அதுவரை உடலுக்குள் வைக்கும் பொருள் வினைபுரியாமல் இருக்க வேண்டும் என்பதே கோட்பாடு. வினைபுரிவதால்தான் ஒரு பொருள் உடலோடு சேர்கிறது என்பதை ஹென்ச்சின் கண்ணாடி நிறுவியது.

ஒட்டும் விதமும் அயனிப் பரிமாற்றமே. கண்ணாடியிலுள்ள சோடியமும் கால்சியமும் வெளியேற, நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. சுற்றியுள்ள நீர் சற்றுக் காரமாகிறது. கண்ணாடியின் மேற்பரப்பில் சிலிக்கா கூழ்ப்படலம் உருவாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சி கார்பனேட் அபடைட்டாகப் படிகமாகின்றன. எலும்பின் கொலாஜன் இந்தப் படலத்தைப் பற்றிக்கொள்கிறது.

இந்தப் படலம் உருவாகிறதா என்பதை விலங்குச் சோதனைக்கு முன்பே அறிய, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தடாஷி கொகுபோ 1990 வாக்கில் ரத்த நீரின் அயனி அளவுகளைக் கொண்ட செயற்கை உடல்நீர்மத்தை வகுத்தார். திருப்பூர்க் கூடத்தில் துணி செயற்கை வியர்வையில் ஊறுவதுபோல, கண்ணாடி இந்தக் கரைசலில் ஊறுகிறது. உடலில் சோதிக்காமல் உடலின் நீரைப் போன்ற கரைசலில் சோதிக்கும் எண்ணம் இரண்டுக்கும் பொது.

1985-ல் நடுக்காது எலும்புக்கு மாற்றாக இந்தக் கண்ணாடி மருத்துவத்துக்கு வந்தது. 1990களில் பல் ஈறு எலும்புக் குறைக்கான துகளாகவும், பின்னர் பல் கூச்சத்தைத் தடுக்கும் பற்பசையிலும் இடம்பெற்றது. 1991-ல் உருக்காமல் கரைசலிலிருந்தே கண்ணாடி செய்யும் சோல் ஜெல் முறை இத்துறைக்குள் வந்தது. அதைவிடப் பெரிய திருப்பம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு மாறியிருந்த ஹென்ச்சும் நோய்க்கூற்றியல் அறிஞர் ஜூலியா போலாக்கும் சகாக்களும், கண்ணாடி கரைந்த நீரை மட்டுமே எலும்பு செல்களுக்குக் கொடுத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் செல் பெருக்கத்துக்கும் எலும்பு உருவாக்கத்துக்கும் உரிய பல மரபணுக்களின் செயல்பாடு கூடியது. கண்ணாடி தொடாமலேயே செல் தூண்டப்பட்டது என்றால், வேலை செய்தவை கரைந்து வந்த அயனிகள். கண்ணாடியை ஒட்டும் பொருளாகப் பார்த்தவர்கள், அதன்பின் அயனியைச் சுமக்கும் கலமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

செல்லுக்குள் போகும் துகள்

அயனிதான் மருந்து என்றால் அதைச் செல்லுக்கு எவ்வளவு அருகில் கொண்டுசெல்ல முடியும்? இதற்கு நானோ துகள் விடையாக வந்தது. செல் தன் சவ்வைக் குழித்துச் சில நூறு நானோமீட்டருக்குக் குறைவான துகள்களை எளிதில் விழுங்கும். விழுங்கிய துகள் லைசோசோம் என்னும் அமிலப் பைக்குச் சேர்கிறது, அங்கே பி.எச். அளவு 5-க்கும் கீழே இருக்கும். அந்த அமிலத்தில் கண்ணாடியின் கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் ஹைட்ரஜன் அயனிக்கு இடம்விட்டு விரைந்து வெளியேறுகின்றன. சிலிக்கா கட்டமைப்பு மெதுவாகவே கரைகிறது. செல்லின் செரிமானமே மருந்தை அவிழ்க்கிறது.

உள்ளேயே கொடுப்பதன் பயனை ஸ்ட்ரான்சியம் விளக்கும். எலும்பை உருவாக்கும் செல்களை ஊக்கி, அரிக்கும் செல்களை அடக்கும் இயல்பு அதற்கு உண்டு. அதை வாய்வழி மருந்தாக்கிய ஸ்ட்ரான்சியம் ரனலேட்டுக்கு ஐரோப்பாவில் 2004-ல் அனுமதி கிடைத்தது. இதய ஆபத்து தெரியவந்ததால் 2014-ல் அதன் பயன்பாடு கடுமையாகச் சுருக்கப்பட்டது. ரத்தம் முழுவதும் பரவும் அயனி, எலும்புக்கு உதவும்போதே வேறிடத்தில் தீங்கு செய்யலாம். எலும்பு முறிந்த இடத்துச் செல்களுக்கு மட்டும் சேர்க்கும் துகளின் அவசியம் இங்கே தெளிவாகிறது.

இத்துகள்களைச் செய்வதற்கான அடிப்படை முறையை வெர்னர் ஸ்டோபரும் சகாக்களும் 1968-ல் வெளியிட்டார்கள். எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் சிலிக்கான் சேர்மம் ஒன்றை அம்மோனியாவின் துணையோடு வினைபுரிய விட்டால், ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் உருவாகும். சிக்கல் கால்சியத்தைச் சேர்ப்பதில் இருக்கிறது. கால்சியம் நைட்ரேட்டைச் சீக்கிரம் ஊற்றினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். தாமதித்து ஊற்றினாலும் கால்சியம் வெளிப்புறத்தில்தான் தங்கும்; சில நூறு டிகிரி சூடேற்றினால்தான் கண்ணாடிக்குள் ஊடுருவும். சூடு மிகுந்தால் துகள்கள் உருகி இணையும். குறைந்தால் முதல் அலசலிலேயே கால்சியம் போய்விடும். சாயம் துணியில் ஏறியதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்பதை அலசிப் பார்த்து அறியும் பட்டறைக்காரருக்கு இந்தச் சிக்கல் உடனே விளங்கும்.

அளவு சிறுக்கும்போது வேகமும் மாறும். 100 மைக்ரான் துகளை 100 நானோமீட்டராக்கினால், ஒரு கிராமின் மேற்பரப்பு ஆயிரம் மடங்காகிறது. அயனிகள் அதற்கேற்ப வேகமாக வெளியேறி, சுற்றியுள்ள நீரைக் காரமாக்கிச் செல்லையே கொல்லக்கூடும். தாமிரம் சிறிது கூடினாலும் நஞ்சு. செல்லுக்குள் நுழையும் கண்ணாடித் துகள்கள் இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் விலங்குச் சோதனைகளிலும் இருப்பதற்கு இந்த அளவுப் பிரச்சினை முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டின் பங்கு

இந்தியாவில் இந்தக் கண்ணாடியின் ஆய்வு, கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்திலும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் பட்டாசு ஊரான சிவகாசியும் இதில் இடம்பெறுகிறது. அங்குள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் இயற்பியலாளர் வி. ராஜேந்திரனும் சகாக்களும், எகிப்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து, உயிரியக்கக் கண்ணாடிக்குள் மீயொலி செல்லும் வேகத்தைக் கொண்டு அதன் உள்ளமைப்பை ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டுரை 2002-ல் பயோமெட்டீரியல்ஸ் இதழில் வந்தது.

ராஜேந்திரனின் பணி பின்னர் திருச்செங்கோட்டின் கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியில் தொடர்ந்தது. நெசவும் நெல்லும் சூழ்ந்த அந்த வட்டாரத்தில், நானோ அறிவியல் மையம் உமியிலிருந்து தூய நானோ சிலிக்காவைப் பிரிக்கும் முறையை உருவாக்கியது. உயிரியக்கக் கண்ணாடியிலும், துணிக்கு நானோ துகள் பூசுவதிலும் ஆய்வு செய்தது. கண்ணாடியும் துணியும் ஒரே கூரையின் கீழ் வந்தது அங்கேதான். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், வேலூர் வி.ஐ.டி. ஆகியவற்றிலும் சோல் ஜெல் முறைக் கண்ணாடி ஆய்வுகள் நடந்துள்ளன.

துணியின் பக்கம், கோவையில் 1956-ல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா முதன்மையானது. நூற்பாலைகளுக்கென்று பிறந்த இந்தச் சங்கத்தில் மத்திய அரசு மருத்துவத் துணிக்கான சிறப்பு மையத்தை அமைத்தது. அதன் பயன் 2020-ல் நாடறியத் தெரிந்தது. கொரோனா பரவியபோது, முழுவுடல் பாதுகாப்பு உடைக்குள் செயற்கை ரத்தம் அழுத்தத்தில் ஊடுருவுகிறதா என்று சோதிக்கும் கருவி தொடக்கத்தில் சிட்ராவில்தான் இருந்தது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் சில வாரங்களில் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் மாறின. அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் தந்திருந்தது.

துணியும் கண்ணாடியும் சேரும் இடம்

கண்ணாடி, துணியாகவே மருத்துவத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் மிசௌரியில், சிலிக்காவுக்குப் பதில் போரான் ஆக்சைடைக் கொண்ட 13-93பி3 என்ற கண்ணாடியைப் பஞ்சு மிட்டாய் போன்ற மெல்லிய இழைகளாக்கி, ஆறாத நீரிழிவுப் புண்களில் வைத்தார்கள். பல மாதங்கள் ஆறாத புண்கள் மூடின. 2010களின் இரண்டாம் பாதியில் அந்த இழைக்கட்டு அங்கு அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது. நீரிழிவு மிகுந்த தமிழ்நாட்டில், காலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும் புண்கள் ஏராளம். இந்த மருத்துவத்தின் தேவை இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திருப்பூரின் பூச்சு முறையை அப்படியே இதற்குப் பயன்படுத்த முடியாது. வழக்கமாகத் துணியைத் துகள் கலந்த நீரில் தோய்த்து, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, உலர்த்தி, சூட்டில் பதிக்கிறார்கள். உயிரியக்கக் கண்ணாடியை அந்த நீரில் போட்டால் தொட்டியிலேயே அயனிகள் கரைந்துவிடும்; புண்ணுக்குப் போவது வெறும் எச்சம். எனவே ஆய்வாளர்கள் எத்தனால் போன்ற நீரற்ற ஊடகத்தையோ, மின்புலத்தால் இழுத்த பாலிமர் நானோ இழைக்குள் துகளைப் பொதியும் முறையையோ நாடுகிறார்கள். தண்ணீரை நம்பி வளர்ந்த தொழில், தண்ணீர் படாமல் பூசக் கற்க வேண்டும்.

துவைக்கும் ஆடைக்கும் ஒருமுறைக் கட்டுக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். 2008-ல் அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நானோ வெள்ளி பூசிய காலுறைகளை அலசிப் பார்த்தபோது, சில காலுறைகள் ஒரு சில அலசல்களிலேயே வெள்ளியை இழந்து தண்ணீரில் விட்டன. ஆடையில் இது பண விரயம், நீருக்கும் கேடு. காயக்கட்டிலோ அயனி வெளியேறுவதுதான் நோக்கம். பயன்படுத்திய கட்டு மருத்துவக் கழிவாக எரியூட்டப்படுவதால் சாக்கடைக்குப் போவதில்லை. அயனி தரும் துணி பனியனில் தொடங்காமல் கட்டுத்துணியில் தொடங்குவதே நொய்யலுக்கும் நல்லது.

2018 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவச் சாதன விதிகள், ஆபத்தின் அளவுப்படி சாதனங்களை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. சாதாரண காஸ் துணிக்குப் போதுமான சான்று, உடலுக்குள் அயனியை விடும் கட்டுக்குப் போதாது. எந்த அயனி எத்தனை நாளில் எவ்வளவு வெளியேறும், செல்லுக்கு அது தாங்குமா, கிருமிநீக்கத்தின் சூடும் ஈரமும் கண்ணாடியை முன்கூட்டியே கரைத்துவிடாதா என்ற கேள்விகளுக்கு அளவோடு விடை தர வேண்டும். அளக்கும் பழக்கம் திருப்பூர் மண்டலத்திடம் இருக்கிறது. உப்பை அளக்க நீதிமன்றமும், உலோகத்தை அளக்க வாங்குநரும் அதற்குக் கற்றுத்தந்தார்கள். மருந்து அயனியை அளக்க வேண்டிய கட்டத்தில் அந்தப் பழக்கமே இம்மண்டலத்தின் முதல் மூலதனம். துகள் செய்யும் பட்டறையின் கழுவுநீரும் அதே கணக்கில் அடங்கினால்தான் இந்த மருத்துவம் முழுமையாகும்.